ஆமென் டிங்கர் வழிமொழிந்தது

டிங்கருக்குக் காது மந்தம். இந்த ரகசியம் உலகத்தில் தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். மனைவிக்கு லேசான சந்தேகம் இருக்கலாம், அதையும் சாமர்த்தியமாகச் சமாளித்துக்கொண்டு வருகிறோம் என்று ஒரு நினைப்பு வேறு.

நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். கார் கதவோ வேன் கூரையோ, எது ஒடுங்கி வந்தாலும் உள்பக்கம் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து வெளிப்பக்கம் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். தகரக் கூரை போட்ட பட்டறை. மூன்று பக்கமும் சுவர். மீசை முளைத்த நாளிலிருந்து அதற்குள் நின்று தட்டியதில் வண்டிகள் நிமிர்ந்தன, காதுதான் நசுங்கிப்போனது. 'ஊரிலுள்ள வண்டிக்கெல்லாம் ஒடுக்கு எடுக்கிறாய், உன் காதில் விழுந்த ஒடுக்கை எவன் எடுப்பான்?' என்று தன்னையே கேட்டுச் சிரித்துக்கொள்வார். வெளியே மூச்சு விடமாட்டார். தெரிந்தால் வாடிக்கை போய்விடும் என்று சாக்குச் சொல்லிக்கொள்வார். கௌரவம் போய்விடும் என்பதுதான் நிஜம்.

முகத்துக்கு நேராக நின்று ஒருவர் பேசினால் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவார். இரண்டு பேர் என்றால் தலை இங்கும் அங்கும் திரும்பும். கூட்டம் என்றால் முழு நடிப்புதான். அதற்கென்று சில சரக்கு வைத்திருந்தார். எல்லாரும் சிரித்தால் சிரிப்பது. முகங்கள் வாடியிருந்தால் உச்சுக் கொட்டுவது. இரண்டும் புரியாவிட்டால் "அதான பாத்தேன்" என்று பொதுவாக ஒரு போடு போடுவது. இந்த "அதான பாத்தேன்" அவரைப் பல ஆபத்துகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. பேக்கரிக்காரர் வேன் விஷயத்தில் மட்டும் காலை வாரிவிட்டது. பேக்கரிக்காரர், "எந்தக் கலர் வேணா அடிங்க, மஞ்சள் மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டிங்கர் காதில் அது "மஞ்சள் மட்டும் வேணும்" என்று விழுந்தது. திரும்பி வந்த மனிதர் தன் வேனைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அதான பாத்தேன்" என்றார் டிங்கர்.

இப்படி வாரம் முழுக்கக் கேள்வி தெரியாமல் பதில் சொல்லித் திரிகிற மனிதருக்கு, பதில் முன்கூட்டியே கையில் கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது கோயில்.

அவர்கள் சபையில் ஆராதனை முறைமை என்று ஒரு சிறு ஜெபப் புத்தகம் உண்டு. ஆயர் ஒரு வரி சொல்ல வேண்டும், சபை மறு வரி சொல்ல வேண்டும். எங்கே நிற்பது, எங்கே முழங்காலிடுவது, எங்கே ஆமென், எல்லாம் அதில் அச்சாகியிருந்தது. டிங்கருக்கு அது மனப்பாடம். ஆயர் கையை உயர்த்தினால் என்ன சொல்கிறார் என்று தெரியும். தலை குனிந்தால் இன்ன ஜெபம் என்று தெரியும். முன்வரிசையில் நின்று அவர் போடுகிற ஆமெனில் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பார்கள். 'ஆமென் டிங்கர்' என்றே பெயராகிவிட்டது. பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவரும் தோளை நிமிர்த்திக்கொண்டார். புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது என்ன ஜெபம் என்று இளவட்டங்கள் கேட்டால், முன்னோர்களின் விசுவாசம், பரிசுத்தவான்களின் ஐக்கியம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்து விடுவார். அந்தப் புத்தகத்தை விட்டால் கோயிலிலும் தான் செவிடுதான் என்ற சின்னக் காரணத்தை மட்டும் சொல்லமாட்டார்.

அந்தப் புத்தகத்துக்கு அவரே உலை வைத்ததுதான் கதை.

சபைக் கூட்டம் நடந்தது. முதலில் மின்விசிறிப் பேச்சு. நடு விசிறியின் இறக்கை ஒன்று வளைந்துபோய், சுற்றும்போது பேய்பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வளைந்த தகரம் என்றால் டிங்கருக்குச் சொல்லவா வேண்டும்? பேச்சு முடிந்து அடுத்ததற்குப் போன பிறகும் அவர் கண் விசிறியிலேயே இருந்தது. அடுத்து எழுந்தவர் சபைச் செயலாளர். கைப்பேசிக் கடை வைத்திருக்கிற இளைஞர், நல்ல பிள்ளை, ஆனால் எதையும் உடனே புதுசாக்கிவிட வேண்டும் அவருக்கு. அச்சடித்த ஜெபம் உயிரில்லாத ஜெபம், பழைய முறைமையை எடுத்துவிட்டு ஆவியானவர் ஏவுகிறபடி சுதந்திரமாக ஆராதிப்போம் என்று உணர்ச்சியோடு பேசினார். "ஆவியானவர்" என்று சொல்லும்போதெல்லாம் விரலை மேலே காட்டினார். விரலுக்கு நேர் மேலே விசிறி ஆடிக்கொண்டிருந்தது.

"இதை யாராவது வழிமொழியிறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் செயலாளர் விரலை இறக்காமல் நின்றார்.

டிங்கர் துள்ளி எழுந்தார். "வழிமொழியிறேன்! வச்சிக்கிட்டு என்ன செய்ய? கழட்டிடுவோம்! என்னைக்காவது ஒருநாள் யார் தலையிலயாவது விழும். நானே கழட்டுறேன்!"

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். புத்தகத்துக்காக உயிரையே கொடுப்பார் என்று எல்லாரும் எண்ணியிருந்த மனிதர்! ஆமென் டிங்கரே சொல்லிவிட்டார் என்றால் இனி நாம் என்ன தடுப்பது என்று பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஒரு விசிறிக்கு இத்தனை கையா என்று டிங்கருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மறக்காமல் ஏணியைப் பற்றி விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் மனைவி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே நின்று, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து கேட்டாள். "நீங்க எதைக் கழட்டச் சொன்னீங்கன்னு தெரியுமா?"

"ஏன், நடுவுல இருக்கிறதைத்தான்."

"அங்க பேசுனது ஜெபப் புத்தகத்தைப் பத்தி. அதை ஆராதனையிலருந்தே எடுத்தாச்சு. வர்ற ஞாயிறுலருந்து கிடையாது. வழிமொழிஞ்சது நீங்க!"

டிங்கருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த இடத்திலேயே, காதில் விழவில்லை, விசிறி என்று நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வறட்டுக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அது இவர் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. "தெரியாம என்ன? யோசிச்சுத்தான் சொன்னேன். காலம் மாறுதுல்ல. மாற்றம் வேணும்ல."

"ஆயர்கிட்டப் போயி காது கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"யாருக்கு? எனக்கா? எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது."

"அப்படியா? இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு வேறெதையோ சொன்னாள்.

"அதான பாத்தேன்" என்றார் டிங்கர். அன்று ராத்திரி சாப்பாடு தட்டில் விழுந்த வேகத்தில், அவள் சொன்னது என்னவென்று ஓரளவு ஊகித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு முதல் சுதந்திரம் வந்தது. மற்றவர்களுக்கு. டிங்கருக்கு முன்வரிசையே காடாகிவிட்டது. யார் எப்போது ஜெபிக்கிறார்கள், எப்போது முடிக்கிறார்கள், எதற்கு எழுகிறார்கள் என்று ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்திலிருப்பவர் எழுந்தால் எழுவார். அவர் எழுந்தது வெளியே போவதற்காக இருக்கும். எல்லாரும் கண்ணை மூடினால் இவர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிப்பார். ஜெபிக்கப் போனவன் பரீட்சையில் காப்பியடிக்கிறவன் போல உட்கார்ந்திருக்கிறானே என்று அவருக்கே தன்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது. ஆண்டவர் சந்நிதியிலும் தன்னை ஒரேயடியாகத் தனியே விட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். விட்டது யார் என்று நினைத்துப் பார்த்ததும் அந்த அழுகையையும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ஆமெனை மட்டும் அவர் விடவில்லை. பெயருக்கு ஏற்றபடி நடக்க வேண்டாமா? ஜெபிக்கிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால், அது முடிவாகத்தான் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பில் போட்டுவிடுவார். பாதி நேரம் சரியாக விழுந்தது.

தவறாக விழுந்தது தையல்காரம்மா விஷயத்தில். தெருமுனையில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிற பெண். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். குடல் நோய் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்த ஞாயிறு செயலாளர் அவருக்காக ஜெபித்தார். மனமுருகித்தான் ஜெபித்தார். வீட்டுக்கு விசாரிக்கப் போனபோது அந்தப் பெண் தன்னிடம் சொல்லி அழுததையெல்லாம் ஆண்டவரிடம் அப்படியே ஒப்பித்தார். எலும்பும் தோலுமாகிவிட்டாரே என்றார். மலம் போவதே தெரியவில்லையே என்றார். "தினமும் படுக்கையை நனைத்துவிடுகிறாரே, தகப்பனே!" என்று குரல் தழுதழுக்க நிறுத்திக் கையை உயர்த்தினார்.

"ஆமென்! ஸ்தோத்திரம்! அப்படியே ஆகட்டும்!" என்று முழங்கினார் டிங்கர்.

ஜெபம் நின்றுவிட்டது. பின்வரிசையில் தையல்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனதை டிங்கர் பார்த்தார். ஆவியானவர் அவளைத் தொட்டுவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்தவில்லை. எதிரே உட்கார்ந்து, செயலாளர் சொன்னதை முதலிலும் இவர் சொன்னதைப் பிறகும், மெதுவாகச் சொன்னாள். டிங்கர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த முறை "அதான பாத்தேன்" வரவில்லை. பேக்கரிக்காரருடைய வேனுக்கு வேறு சாயம் அடித்துக் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டார். இதை எந்தச் சாயத்தால் அடிப்பது? எழுந்து, சாப்பிடாமல், அப்படியே தெருமுனைக்கு நடந்தார்.

தையல்காரம்மா மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் புருஷன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டிங்கர் வாசலிலேயே நின்றார். வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்த சமாதானங்கள் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"தங்கச்சி, எனக்குக் காது கேக்காது" என்றார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, இவர் முகத்துக்கு நேரே திரும்பினாள். "தெரியும்ணே. யாருக்குத் தெரியாது?"

டிங்கர் முகத்தில் அசடு வழிந்தது. இத்தனை காலம் கட்டிக்காத்த ரகசியத்துக்கு இதுதானா மரியாதை என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. "அப்ப, நான் சொன்ன ஆமென்..."

"நல்லவேளை சொன்னீங்க" என்றாள் அவள். "அந்தத் தம்பி நல்ல மனசோடதான் ஜெபம் பண்ணிச்சு. ஆனா எங்க வீட்டு மெத்தையக் கொண்டுபோயி நடுக்கோயில்ல விரிச்ச மாதிரி இருந்துச்சுண்ணே. எப்படா நிறுத்தும்னு உயிரைக் கையில பிடிச்சிட்டு இருந்தேன். நீங்க போட்ட சத்தத்துல நின்னுச்சு. சிரிப்பு வந்திருச்சு எனக்கு. எத்தனையோ நாளைக்கப்புறம் சிரிச்சேன். அதை யாரும் பாத்துடக் கூடாதுன்னுதான் மூஞ்சிய மூடிட்டு ஓடினேன்."

அவளும் இப்போது சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கு ஜெபமே வரமாட்டேங்குதுண்ணே. கண்ண மூடினா என்ன கேக்கிறதுன்னு தெரியல. அவர எடுத்துக்கோன்னு கேக்கவா, விட்டுடுன்னு கேக்கவா? முன்னாடின்னா அந்தப் புத்தகத்துல 'வியாதியஸ்தர்'னு ஒரு வார்த்தை வரும். எல்லாரோடயும் சேந்து அதைச் சொல்லிட்டு வந்துருவேன். பேரு வராது, மெத்தை வராது. அந்த ஒத்த வார்த்தைக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஒளிஞ்சுக்குவோம். இப்ப அதையும் கழட்டிட்டீங்க."

"நான் விசிறியக் கழட்டத்தான் சொன்னேன் தங்கச்சி" என்றார் டிங்கர்.

புத்தகம் தன் செவிட்டுக் காதுக்காகவே அச்சடித்தது என்று இத்தனை நாள் எண்ணியிருந்தவருக்கு, திரும்பி நடக்கும்போது வெட்கமாக இருந்தது. அந்தப் புத்தகத்துக்குள் வேறு ஆட்களும் குடியிருந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்களைக் கேட்காமலே அவர் கூரையைப் பிரித்திருக்கிறார்.

மறு ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் டிங்கர் எழுந்து, சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார். முன்வரிசைக்காரர் என்பதால் அத்தனை முகங்களையும் அவர் நேராகப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"எனக்குக் காது கேக்காது" என்றார். தெரிந்த விஷயத்தை எதற்கு எழுந்து நின்று சொல்கிறார் என்று சபை பார்த்தது. "அன்னிக்கு நான் வழிமொழிஞ்சது தப்பு. திருப்பி வாங்கிக்கிறேன்."

செயலாளர் எழுந்து அவர் எதிரே வந்து நின்றார். "அண்ணே, கழட்டிடுவோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"விசிறிய, தம்பி. நீங்க மேல கையக் காட்டுனீங்க."

எல்லாருடைய தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. விசிறி ஆடிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தவர் ஆயர்தான். பிறகு கோயிலே சிரித்தது. செயலாளரும் சிரித்துவிட்டார். டிங்கருக்கு இந்த ஒரு தடவை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்திருந்ததால், மனசாரச் சேர்ந்து சிரித்தார்.

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா இன்னொண்ணு சொல்றேன்" என்றார். "நீங்கல்லாம் சொந்தமா ஜெபம் பண்ணுங்க, வேண்டாங்கல. ஆனா புத்தகம் இருந்தா நீங்க எந்த இடத்துல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அது இல்லன்னா கோயில் நிறைய ஆளு இருந்தும் நான் ஒத்தையில நிக்கிறேன்."

பின்வரிசையில் தையல்காரம்மா எழுந்து நின்றாள். ஒன்றும் விளக்கவில்லை. "வழிமொழியிறேன்" என்று மட்டும் சொன்னாள். டிங்கருக்குக் கேட்கவில்லை, உதடு தெரிந்தது. செயலாளர் அவளைப் பார்த்தார். பிறகு அவரே அலமாரியைத் திறந்து புத்தகங்களை எடுத்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார்.

செய்தி எட்டியதும் கட்டிக்கொடுத்த மகள் ஓடிவந்து அப்பாவைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? பயறு அளவுக்கு ஒரு மிஷினைக் காதுக்குள் வைத்தார்கள். வெளியே வந்ததும் டிங்கர் மிரண்டுபோனார். செருப்புக்குச் சத்தம் உண்டு என்பதையே அவர் மறந்திருந்தார். பட்டறையில் தன் முதல் அடியைத் தானே கேட்டு, யாரோ சுடுகிறார்கள் என்று வண்டிக்குப் பின்னால் குனிந்தார்.

அந்த மிஷினோடு அவர் கோயிலுக்குப் போன முதல் ஞாயிறு. தன் குரலைத் தானே கேட்கப்போகிறோம் என்று கொஞ்சம் மிதப்பாகத்தான் போனார். இத்தனை வருஷமாகச் சபையின் ஜெபத்தைத் தோளில் தூக்கிச் சுமக்கிற குரல் அல்லவா?

பாவ அறிக்கை வந்தது. எல்லாரும் முழங்காலிட்டார்கள். சபை முதல் வரியைச் சொன்னது. வரியின் முடிவில் சட்டென்று சத்தம் அறுந்தது. மிஷின் நின்றுவிட்டதோ என்று டிங்கர் காதை ஒரு தட்டுத் தட்டினார். நிற்கவில்லை, யாரோ இருமியது கேட்டது. அடுத்த வரி. மறுபடி முடிவில் நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு கரகரத்த குரல் மட்டும் கடைசி இரண்டு வார்த்தைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நொண்டி வந்தது. எவன்டா இவன், சபையோடு சேர்ந்து சொல்லத் தெரியாதவன் என்று எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். அந்தக் குரலும் நின்றுவிட்டது.

அது அவர் குரல்.

மனைவி பக்கம் சாய்ந்து, "எல்லாரும் ஏன் வரிக்கு வரி நிறுத்துறாங்க?" என்று கேட்டார். ரகசியமாகத்தான் கேட்டார் என்று நினைத்தார். முன்வரிசை முழுக்கக் கேட்டது.

"உங்களுக்காகத்தான்" என்றாள் அவள், காதோடு.

"எப்பருந்து?"

"ரொம்ப வருஷமா."

"யாரு சொல்லி வச்சா?"

"யாரும் சொல்லல. தானா பழகிருச்சு. நீங்க முடிக்காம அடுத்த வரி எடுத்தா என்னவோ மாதிரி இருக்குதுன்னு நின்னுக்கிட்டாங்க. இந்தக் கோயில்ல பிறந்து வளர்ந்த பிள்ளைங்க, ஜெபம்னாலே இப்படி நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லணும்னு நினைச்சிட்டு இருக்குதுங்க."

இத்தனை வருஷமாகத் தான் ஒரு வரிகூடத் தவறாமல் இவர்களோடு சேர்ந்து நடக்கிறோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். நடந்தது இவர்கள்தான். நடந்து, நின்று, திரும்பிப் பார்த்து, தான் வந்து சேர்ந்ததும் அடுத்த அடி வைத்திருக்கிறார்கள். ஒருவர்கூடச் சொல்லிக்காட்டவில்லை. பட்டப்பெயர் வைத்ததோடு விட்டுவிட்டார்கள்.

வியாதியஸ்தருக்கான ஜெபம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஆயர் சொல்லி முடித்தார். சபை ஆமென் சொன்னது. சொல்லிவிட்டு, வழக்கம்போலக் காத்து நின்றது.

டிங்கர் வாயைத் திறந்தார். ஜன்னலை அதிரவைத்த ஆமெனில் முதல் எழுத்துகூட எழவில்லை. கண்ணீர் மூக்கோரமாக இறங்கி ஜெபப் புத்தகத்தில் சொட்டியது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் அடுத்த ஜெபத்தை எடுக்கவில்லை. ஆயர் புத்தகத்தில் விரலை வைத்தபடி நின்றார். செயலாளர் தலை குனிந்து நின்றார். பின்வரிசையில் ஒரு வளையல் சத்தம் கேட்டு அடங்கியது. இத்தனை பேர் மூச்சு விடுகிற சத்தத்தை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்.

கடைசியில் சொன்னார். முனகல் மாதிரிதான் வந்தது.

அதற்குப் பிறகுதான் சபை உட்கார்ந்தது.